ஹீரோவுக்கு அம்மை போட்டுருச்சு... ஏற்காடு மேடையில் ஏறிய 'சீயான்'!

ஸ்கூல் ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நின்றவர்கள், ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்தவர்கள், 'இந்த வருஷம் நீ ஸ்கிரீன் இழுத்தா போதும்' என்று டீச்சரால் ஓரங்கட்டப்பட்டவர்கள்... எல்லோரும் இந்த வாரம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இந்த வாரக் கதையின் நாயகனும் முதல் லிஸ்ட்டில் பெயர் இல்லாதவர்தான்.

காலேஜ் கேன்டீனில் நாலு பேர் உட்கார்ந்து, ரெண்டு டீயை நாலாகப் பிரித்துக் குடிக்கும்போது பேச்சு எப்படியும் ரெண்டு இடத்தில்தான் போய் நிற்கும். ஒன்று சினிமா. இன்னொன்று, 'எங்க ஸ்கூல்ல ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா?' இன்டர்னல் மார்க், அரியர், அட்டெண்டென்ஸ் கதையெல்லாம் நடுவில் வந்து போகும் விளம்பரங்கள் மாதிரி.

2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடி தியேட்டருக்கு வந்தபோது ஸ்கிரீனுக்கு முன்னால் ஆடித் தீர்த்த காலேஜ் பசங்களில் பாதிப் பேர், அந்தப் படம் முதலில் வந்த 2004-ல் தொட்டிலில் இருந்தவர்கள். படத்தில் விஜய் தெரிவார், த்ரிஷா தெரிவார், 'செல்லம்' பிரகாஷ்ராஜ் தெரிவார். துணை வேடத்தில் வந்த வினோத் ராஜ் என்ற நடிகரை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

நடிகராக வேண்டும் என்று பரமக்குடியிலிருந்து கிளம்பி வந்தவர் அவர். கதாநாயகனாக ஜெயிக்க முடியவில்லை. சின்னச் சின்ன வேடங்களும் டி.வி சீரியல்களுமே கிடைத்தன. அவருடைய மகனுக்கும் அதே ஆசைதான் வந்தது. அந்த ஆசைக்குத் தண்ணீர் ஊற்றிய இடம் கோடம்பாக்கம் இல்லை. சேலத்துக்கு மேலே பனி மூடிக் கிடக்கும் ஏற்காடு. மகனின் பெயர் கென்னடி. நண்பர்களுக்கு 'கென்னி'. ஊருக்கு விக்ரம்.

இருபது வளைவுக்கு மேலே ஒரு ஹாஸ்டல்

சேலத்திலிருந்து பஸ் ஏறினால் அடிவாரம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும். மொத்தம் 20. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதிய போர்டு இருக்கும். எண்ணிக்கொண்டே போனால் பாதிப் பேருக்கு வாந்தி வராது என்பது ரெகுலராகப் போகிறவர்களின் நம்பிக்கை. கடைசி வளைவு தாண்டும்போது காதில் அடைப்பு விட்டு, காற்றில் குளிர் ஏறியிருக்கும். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 5,000 அடி உயரம். காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் மிளகுக் கொடி, நடுவில் ஏரி. ஏரியும் காடும் சேர்ந்துதான் 'ஏற்காடு' என்று சொல்வார்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்த சேர்வராயன் மலைக்கு வந்தது குளிருக்காகவும் காபிக்காகவும். அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் மிஷனரிகளாலும் மலை மேல் போர்டிங் ஸ்கூல்கள் வந்தன. அதில் ஒன்று மான்ட்ஃபோர்ட் பள்ளி. 1917-ல் தொடங்கப்பட்டது. நூறு வருஷத்தைத் தாண்டிவிட்ட பள்ளி. எழுத்தாளரும் எம்.பி-யுமான சசி தரூர் ஆறு வயதில் வந்து சேர்ந்தது இங்கேதான். விக்ரம் படித்து முடித்து 1983-ல் வெளியே வந்ததும் இதே பள்ளியிலிருந்துதான்.

போர்டிங் ஸ்கூல் என்றால் இன்றைக்கு நிறைய பேருக்கு ஞாபகம் வருவது ஹாரி பாட்டர். நீளமான டைனிங் ஹால், மணி அடித்ததும் எழுந்திருப்பது, 'ஹவுஸ்' என்று பிரித்துப் போட்டி நடத்துவது என்று சில விஷயங்கள் ஒத்துப்போகும். மந்திரக்கோல் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக வீட்டு ஞாபகம் இருக்கும்.

அந்த வருஷங்களை நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியதே 1975-ல்தான். மொபைல் இல்லை, நெட் இல்லை. போர் அடித்தால் ஸ்க்ரோல் பண்ண எதுவும் இல்லை. அம்மாவிடம் பேச வேண்டும் என்றால் இன்லேண்ட் லெட்டர் எழுத வேண்டும்; பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பனி இறங்கிவிட்டால் விளையாடவும் முடியாது. அப்படி ஒரு இடத்தில் பசங்களுக்குப் பொழுதுபோக்கு என்பது, அவர்களே உருவாக்கிக்கொள்வதுதான். பாட்டு, மிமிக்ரி, நாடகம்.

கராத்தே, குதிரை சவாரி, நீச்சல் என்று பள்ளியில் எல்லாவற்றிலும் கால் வைத்துப் பார்த்ததாகவும், அந்த அனுபவம்தான் தனக்குத் தன்னம்பிக்கை கொடுத்ததாகவும் பிற்காலத்தில் விக்ரம் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும்விட அவரை இழுத்துப் பிடித்தது நாடகக் குழு.

கட்டாயத்தில் டாக்டர், கட்டாயத்தில் ஹீரோ

ஒரு வருஷம் ஆண்டு விழாவுக்கு எடுத்துக்கொண்ட நாடகம், 'தி டாக்டர் இன் ஸ்பைட் ஆஃப் ஹிம்செல்ஃப்'. மோலியேர் என்ற பிரெஞ்சு நாடகக்காரர் 1666-ல் எழுதிய காமெடி.

கதை இதுதான். விறகு வெட்டி ஒருவன். பொண்டாட்டியை அடிக்கிறவன். அவனைப் பழிவாங்க நினைக்கிறாள் மனைவி. பெரிய வீட்டு வேலைக்காரர்கள் இரண்டு பேர் டாக்டரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். 'அதோ அங்கே விறகு வெட்டுறாரே, அவர் பெரிய டாக்டர். ஆனா, ஒத்துக்கவே மாட்டார். நல்லா அடிச்சாத்தான் ஒத்துக்குவார்' என்று கோத்துவிடுகிறாள். அடி தாங்க முடியாமல் 'நான் டாக்டர்தான்' என்கிறான் விறகு வெட்டி. அப்புறம் கோட்டு போட்டு, புரியாத வார்த்தைகளை அள்ளிவிட்டு, இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே மாற்றிச் சொல்லி, கடைசியில் அந்த வேஷத்தை அவனே ரசிக்க ஆரம்பித்துவிடுகிறான். 'வசூல்ராஜா'வைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, டாக்டரே இல்லாத டாக்டர் ஒன்றும் புதுசு இல்லை. அந்த ஜோக்குக்கு வயது 350-க்கு மேல்.

இந்த நாடகத்தில் விறகு வெட்டியாக நடிக்க வேறொரு மாணவன் தேர்வாகியிருந்தான். வசனம் எல்லாம் தயார். கடைசி நேரத்தில் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. சின்னம்மை. ஹாஸ்டலில் ஒருவனுக்கு அம்மை வந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தனி ரூம், வேப்பிலை, வெளியே வரத் தடை. ஹீரோ இல்லாமல் ஆண்டு விழா எப்படி நடக்கும்?

அந்த இடத்துக்கு வந்தவர்தான் விக்ரம். திறமையைப் பார்த்து முதலில் கொடுத்த வேடம் இல்லை. 'யாருப்பா இருக்கீங்க, இதைப் பண்ண?' என்ற அவசரத்தில் வந்து விழுந்த வேடம். கட்டாயத்தில் டாக்டரானவனின் கதையில், கட்டாயத்தில் ஹீரோவானார் ஒருவர். மோலியேரே எழுதியிருந்தாலும் இப்படி ஒரு பொருத்தம் அமைந்திருக்குமா என்று தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பு அம்மை உருவத்தில் வந்தது உண்மை. ஆனால், அந்த நேரத்தில் 'நான் இருக்கேன்' என்று சொல்ல ஓர் ஆள் நாடகக் குழுவுக்குள் இருந்தால்தானே வேடம் அவரைத் தேடி வரும்? ரிகர்சல் நடக்கும் இடத்தில் இருந்தவருக்குத்தான் அது கிடைத்தது. கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு ஹாஸ்டல் ரூமுக்குப் போனவருக்குக் கிடைத்திருக்காது.

எம்.ஜி.ஆர் விலகிய வேடம்

தமிழ் மேடைக்கு இது புதுக் கதையும் இல்லை. 1940-களில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக முதலில் நடிக்க இருந்தவர் எம்.ஜி.ஆர். அவர் விலகிக்கொள்ள, நாடகத்துக்குக் கொஞ்ச நாளே இருந்த நிலையில் வி.சி.கணேசன் என்ற இளைஞருக்கு அந்த வேடம் வந்தது. பக்கம் பக்கமாக இருந்த வசனத்தை மளமளவென்று மனப்பாடம் செய்து மேடையேறினார் கணேசன். பார்த்த பெரியார், 'இனி இவர் சிவாஜி கணேசன்' என்று சொல்லிவிட்டார். பெயரே அதுவாகிப் போனது.

அந்தக் கணேசனும் சரி, எம்.ஜி.ஆரும் சரி, 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட நாடகக் கம்பெனிகளில் சிறு வயதிலேயே சேர்ந்து தொழில் கற்றவர்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் அதுதான், ஹாஸ்டலும் அதுதான். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்தவர் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டும். அதனால் எல்லோருக்கும் எல்லோருடைய வசனமும் தெரியும். ஏற்காட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அடிவாரத்தில் ஒரு சினிமா ஃபேக்டரி

ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கும் பஸ், சேலத்துக்குள் நுழையும்போது ஒரு பழைய முகப்பு வளைவைக் கடக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த ஸ்டூடியோ. 1937-ல் வந்த 'சதி அகல்யா' இவர்களின் முதல் படம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) இவர்கள் தயாரிப்புதான். கலைஞர் மு.கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆர் நடித்த 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956)... எல்லாம் சேலத்தில் பிறந்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய இடம் அது.

விக்ரம் பள்ளி முடித்து இறங்கிய 1983-ல் அந்த ஸ்டூடியோவின் காலம் முடிந்துவிட்டிருந்தது. சினிமா முழுக்க சென்னைக்குப் போய்விட்டது. இன்றைக்கு ஸ்டூடியோ இல்லை. அந்த முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டில் நிற்கிறது. 2023-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டபோதுதான், 'அட, இது என்ன வளைவு?' என்று நிறைய சேலத்துப் பசங்களே கூகுள் செய்து பார்த்தார்கள். தினமும் அந்த வழியாகக் காலேஜ் பஸ்ஸில் போகிறவர்கள் அடுத்த முறை ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்கலாம். ஒரு காலத்தில் தென்னிந்தியாவே எட்டிப் பார்த்த வாசல் அது.

லயோலா, ஒரு விருது, ஒரு லாரி

பள்ளி முடிந்ததும் நேராக சினிமாவுக்குப் போக வேண்டும் என்பது மகனின் ஆசை. 'முதல்ல படி' என்றார் அப்பா. சினிமாவை நம்பி வந்து அடிபட்ட அப்பா வேறு என்ன சொல்வார்? சென்னை லயோலா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தார் விக்ரம். அப்பா சொன்னதைக் கேட்டார். ஆனால், நாடகத்தை விடவில்லை.

கல்லூரியில் அவர் நடித்த நாடகங்களில் ஒன்று, பீட்டர் ஷாஃபர் எழுதிய 'பிளாக் காமெடி'. இதில் ஒரு விளையாட்டு உண்டு. கதையில் ஃபியூஸ் போய் வீடே இருட்டாகும்போது, மேடையில் பளிச்சென்று லைட் எரியும். பார்க்கிற நமக்கு எல்லாம் தெரியும். நடிக்கிறவர்களுக்கோ கும்மிருட்டு. தட்டித் தடவி, நாற்காலியில் மோதி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நடிக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில், கண்ணைத் திறந்துகொண்டே, ஒன்றும் தெரியாதவனாக நடிக்கும் பயிற்சி. பல வருஷம் கழித்து 2001-ல் 'காசி' படத்தில் பார்வையற்ற பாடகனாக அவரைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் காலேஜ் நாடகத்தின் அருமை புரியும்.

ஐ.ஐ.டி மெட்ராஸில் நடந்த விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. காலேஜ் பையனுக்கு இதைவிடப் பெரிய நாள் இருக்க முடியுமா? அன்றைக்கு பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது லாரி மோதியது. காலில் பலத்த அடி. காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்ற நிலை. காலைக் காப்பாற்ற 23 ஆபரேஷன்கள். மூன்று வருஷம் ஆஸ்பத்திரியும் படுக்கையுமாகப் போனது. கடைசி ஆண்டுப் படிப்பை வீட்டிலிருந்தபடியே எழுதி முடிக்க வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் என்றால் இன்றைய கணக்கில் ஒரு முழு டிகிரி. கூடப் படித்தவர்கள் எல்லாம் கான்வொகேஷன் போட்டோ எடுத்து, வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்திருப்பார்கள். இங்கே ஒருவர், எழுந்து நடக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆசையோ, லட்சம் பேர் முன்னால் ஆடிப் பாட வேண்டும், சண்டை போட வேண்டும் என்பது. குணமாகி வந்தும் காலின் வலி உடனே விட்டுப் போகவில்லை. ஆனால், அந்தக் காலோடுதான் கேமரா முன்னால் வந்து நின்றார்.

ஃபெஸ்ட் முடிந்து நடுராத்திரி ட்ரிபிள்ஸில் திரும்பும் பசங்களுக்கும், 'வீட்டுக்கு வந்துட்டேன்னு ஒரு மெசேஜ் போடு' என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லலாம். ஹைவேயில் வரும் லாரிக்கு, யார் கையில் விருது இருக்கிறது என்று தெரியாது.

பத்து வருஷ அரியர்

1990-ல் 'என் காதல் கண்மணி' முதல் படம். ஓடவில்லை. அடுத்து 'தந்துவிட்டேன் என்னை'. இயக்கியவர் ஸ்ரீதர். 'காதலிக்க நேரமில்லை' எடுத்த அதே ஸ்ரீதர்! அதுவும் கைகொடுக்கவில்லை. 1992-ல் பி.சி.ஸ்ரீராம் இயக்கிய 'மீரா'. அதுவும் இல்லை. பெரிய பெயர்களோடு வேலை பார்த்தும் பெயர் வரவில்லை. மலையாளம், தெலுங்கு என்று கிடைத்த இடத்தில் எல்லாம் நடித்தார்.

நடுவில் இன்னொரு வேலையும் செய்தார். குரல் கொடுப்பது. 'அமராவதி'யில் அஜித்துக்கு, 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கு, 'காதல் தேசம்' படத்தில் அப்பாஸுக்குக் கேட்ட குரல் விக்ரமுடையது. இன்றைக்கு அந்தக் காட்சிகளை ரீல்ஸில் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சட்டென்று பிடிபடும்.

'காதலன்', 'காதல் தேசம்' இரண்டும் காலேஜ் படங்கள். 90-களின் காலேஜ் பசங்க அந்த ஹேர்ஸ்டைலையும் பேகி பேன்ட்டையும் காப்பியடித்துத் திரிந்தார்கள். திரையில் ஆடியவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பேசியவர் டப்பிங் தியேட்டர் இருட்டில், மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தன் வயது நடிகர்கள் ஸ்டார் ஆவதற்குத் தன் குரலையே கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. வயிற்றெரிச்சல் வந்திருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால், மாதச் செலவுக்குப் பணம் வந்தது. தொழிலோடு தொடர்பும் விடவில்லை. ரிகர்சல் ஹாலை விட்டு வெளியே போகாத ஏற்காட்டுப் பையனை இங்கேயும் பார்க்க முடிகிறது.

மத்தியானக் காட்சியில் தொடங்கிய மாணவன்

அப்புறம் வந்தது 'சேது'. பாலாவுக்கு அது முதல் படம். படப்பிடிப்பு நடுவில் நின்றது, மறுபடி தொடங்கியது. அந்த வேடத்துக்காகத் தலையை மழித்து, இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்தார் விக்ரம். படம் முடிந்தும் வாங்க ஆள் இல்லை. ஒரு வழியாக 1999 டிசம்பரில் வெளியானபோது, புறநகர்த் தியேட்டரில் மத்தியானக் காட்சி மட்டும் என்ற அளவில்தான் ஆரம்பித்தது. பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொன்னார்கள். சொன்னதைக் கேட்டு அடுத்தவர்கள் வந்தார்கள். நூறு நாள் ஓடியது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது.

வேடிக்கை என்னவென்றால், 'சேது'வும் ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்தான். ஸ்டூடன்ட் சேர்மன் தேர்தலில் ஜெயிக்கும் முரட்டு மாணவன். நடித்த விக்ரமுக்கு அப்போது 33 வயது. அந்தக் கதாபாத்திரத்தின் பட்டப்பெயர்தான் 'சீயான்'. இன்றைக்கும் ரசிகர்கள் கூப்பிடுவது அந்தப் பெயரைத்தான். கேம்பஸில் வைக்கும் பட்டப்பெயர் எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆனால், ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இன்றைய மாணவிகள் 'சேது'வை ஓ.டி.டி-யில் பார்த்தால் சில காட்சிகளில் நெளிவார்கள். பிடித்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், மிரட்டி, 'காதலி' என்று சொல்லும் ஹீரோ அவன். அந்தக் காலத்து விசில், இந்தக் காலத்தில் போலீஸ் கம்ப்ளைன்ட். நடிப்பைக் கொண்டாடலாம். அந்தக் காதலைக் காப்பியடிக்கக் கூடாது. ஹேர்ஸ்டைல் வரைக்கும் ஓகே. அதுக்கு மேல் வேண்டாம். கேன்டீன் விவாதத்தில் பெண்கள் இதைச் சொல்லும்போது, 'அது படம்தானே' என்று தள்ளிவிடாமல் கேட்டுக்கொள்வது நல்லது.

'சேது'வுக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 'தில்', 'காசி', 'ஜெமினி', 'தூள்', 'சாமி' என்று வரிசை கட்டின. 'பிதாமகன்' (2003) படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. வசனமே இல்லாத அளவுக்குக் குறைவாகப் பேசி, உறுமலிலும் பார்வையிலும் நடித்த சுடுகாட்டு வெட்டியான் வேடம். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்த மனிதருக்கு, குரலே தேவைப்படாத வேடத்தில் தேசிய விருது! 'அந்நியன்', 'பொன்னியின் செல்வன்' ஆதித்த கரிகாலன், 'தங்கலான்' என்று இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. மகன் துருவ்வும் நடிக்க வந்து, 'மகான்' (2022) படத்தில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே நடித்துவிட்டார்கள். தாத்தா வினோத் ராஜுக்குக் கிடைக்காத போஸ்டர் இடம், பேரன் வரை வந்துவிட்டது.

மேடை யாருக்குக் கிடைக்கும்?

இந்தக் கதையில் 'உழைத்தால் முன்னேறலாம்' என்ற வரியை மட்டும் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், ஏற்காட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

குதிரை சவாரியும் நாடக மேடையும் நீச்சல் குளமும் இருந்த பள்ளி, பணம் கட்டிப் படிக்கும் பள்ளி. அதே சேர்வராயன் மலையில், காபித் தோட்டங்களைத் தாண்டி, சிறுசிறு கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மேடை என்றால் பெரும்பாலும் ஊர்த் திருவிழா மேடைதான். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஆடும் பையனுக்கும், போர்டிங் ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் ஆங்கில நாடகம் போடும் பையனுக்கும் நடுவில் சில கிலோ மீட்டர்தான் தூரம். ஆனால், ஃபீஸ் ரசீதில் பார்த்தால் அது ரொம்ப தூரம்.

பிளஸ் டூ முடித்த மலைக் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் காலேஜுக்காகச் சேலத்துக்கு இறங்குகிறார்கள். காலையில் 20 வளைவு இறக்கம், சாயங்காலம் 20 வளைவு ஏற்றம். காலேஜ் கல்ச்சுரல்ஸ் ரிகர்சல் எப்போதும் கிளாஸ் முடிந்து சாயங்காலம்தான் நடக்கும். அந்த நேரத்தில் இவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். 'ரிகர்சலுக்கு வராதவங்களுக்கு ரோல் கிடையாது' என்று டீம் லீடர் சொல்வது நியாயம் மாதிரிதான் தெரியும். அந்தப் பையனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுச் சொன்னால்தான் அது நியாயம். ஒரு நாள் மத்தியான பிரேக்கில் ரிகர்சல் வைத்தால், ஒரு நல்ல நடிகர் கிடைக்கலாம்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து 'கலைத் திருவிழா' நடக்கிறது. பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை போட்டி. ஜெயிப்பவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம். பாட்டு, நடனம், நாடகம், பறை, ஓவியம் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மலைக் கிராமத்துப் பள்ளிக்கும் இந்த மேடை போய்ச் சேர்வதுதான் இதில் முக்கியம். டீச்சர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குகிற, ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கே எல்லா வருஷமும் முதல் வேடத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டால்தான் அடுத்த பிள்ளைக்கு வழி என்றால், அது ரொம்ப நீளமான வெயிட்டிங் லிஸ்ட்.

காலேஜ் பசங்களுக்கும் வேலை இருக்கிறது. ஃபெஸ்ட் சீசன் வந்துவிட்டது. லீடு ரோல் கிடைக்காத கடுப்பில் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து 'லெஃப்ட்' ஆகும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். லைட் பிடிக்கிறேன், பேக்ஸ்டேஜ் பார்க்கிறேன், வசனம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று உள்ளேயே இருங்கள். உங்கள் வசனத்தோடு அடுத்தவர் வசனத்தையும் படித்து வையுங்கள்.

யாருக்கும் அம்மை போட வேண்டாம். எல்லா ஹீரோக்களும் நன்றாக இருக்கட்டும். ஆனால், எந்த நாடகத்திலும் கடைசி நிமிஷத்தில் ஒருவருக்குத் தொண்டை கட்டும், ஒருவருக்கு இன்டர்வியூ வரும், ஒருவர் ஊருக்குப் போய்விடுவார். அப்போது டைரக்டர் திரும்பிப் பார்க்கும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். வசனத்தோடு!